வெங்கச்சம் பரம்பின் சிவப்புத் தண்ணீர்

கமலை மாடுகள் மேடேறி வந்ததை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கமலையில் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மாடு, கிணற்றடியை விட்டு எங்கும் போகாது. முன்னே நடக்கும், பின்னே நடக்கும், அவ்வளவுதான். அன்று மார்கழிக் காலையில் அந்த மாடுகள் கல்லும் முள்ளுமான பரம்பு மேட்டின் மேல் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தன. முன்னால் மாடசாமி நடந்து வந்தார். தோளில் தண்ணீர் இறைக்கும் தோல் சால். கழுத்தைச் சுற்றி வடக்கயிறு. பின்னால் ஊர்க்காரர்கள் உருளையையும் கால்மரங்களையும் தூக்கி வந்தார்கள்.

நான் சுரங்கக் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் கணவர் சாமுவேல் இருந்தார். முந்தின நாள் திடீரென்று புகுந்த தண்ணீர், அவரையும் கூட வேலை பார்த்த இரண்டு பேரையும் உள்ளேயே அடைத்துவிட்டது.

மாடசாமி எங்களோடு பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. பரம்பில் வேலை செய்கிற யாரை வழியில் கண்டாலும் காறித் துப்பிவிட்டுப் போவார். அன்று நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காரு தாயி. மாடு திரும்ப எடம் வேணும்."

ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுந்து தள்ளி உட்கார்ந்தேன்.

அவர் துப்பியதில் நியாயம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லுக்குள் ஒரு வெள்ளை நரம்பு

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த அம்மாள் ஒருவர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தங்கச் சுரங்கமா? எங்க அப்பா காலத்துலகூடக் கேள்விப்பட்டதில்லையே," என்றார். கேள்விப்பட நியாயமில்லை. அது இருந்ததே சில வருஷங்கள்தான். முப்பதுகளின் முன்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு விலை விழுந்து, ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்த காலம்.

வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலை இறங்கி வந்து தரையைத் தொடுகிற இடத்தில் அந்தப் பரம்பு இருந்தது. தரையெல்லாம் கருஞ்சாம்பல் நிறப் பாறை. அதன் குறுக்கே, வடக்கிலிருந்து தெற்காக, வெள்ளை வெளேரென்று ஒரு வெங்கச்சங்கல் வரி ஓடும். சிறுபிள்ளைகள் இரண்டைத் தட்டி நெருப்புப் பறக்கவிடுவார்களே, அதே கல். ஆட்டுக்காரர்கள் அதை வைத்தே வெங்கச்சம் பரம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பரம்பின் மேற்கு ஓரத்தில் பழைய குழிகள் இருந்தன. ஆள் நுழைய முடியாத அளவுக்கு ஒடுக்கமானவை. குள்ளர்கள் வெட்டியவை என்று சொல்லி, ஊரார் அவற்றைக் குள்ளன் குழி என்பார்கள். பக்கத்துப் பாறையில் உரல்போல வரிசையாகப் பள்ளங்கள். மழை பெய்தால் ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கும். யாரோ, எந்தக் காலத்திலோ, அந்த வெள்ளைக் கல்லை உடைத்து அங்கே வைத்து அரைத்திருக்கிறார்கள். குழியின் சுவரில் கரி படிந்திருந்தது. நெருப்பு மூட்டிப் பாறையைச் சுட வைத்து, தண்ணீரை ஊற்றி வெடிக்கச் செய்து தோண்டியிருக்கிறார்கள் என்று எஞ்சினியர் சொன்னார். யார் அவர்கள், எத்தனை பேர் உள்ளேயே செத்தார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எஞ்சினியர் பெயர் வரதன். மைசூர்ப் பக்கத்துத் தங்கவயலில் படிப்படியாக மேலே வந்தவர். உள்ளதை உள்ளபடியே சொல்லுவார், எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று பார்க்க மாட்டார். அவரைக் கூட்டி வந்தவர் ராஜபாளையத்தில் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்திருந்த வெங்கட்ராமு முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், இளகின மனசுக்காரர். பஞ்சில் விட்டதைத் தங்கத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தார்.

அதே தங்கவயலிலிருந்துதான் என் கணவரும் வந்தார். உள்ளே கூரை இடியாமல் மரம் வைத்து முட்டுக்கொடுப்பது அவர் வேலை. அவருடைய பூர்வீகம் இந்தப் பக்கம்தான். நான் தளவாய்புரத்துச் சபை உபதேசியார் மகள். கல்யாணமான மறுமாசமே பரம்பின் தகரக் கொட்டகைக்குக் குடிவந்தோம்.

மேலே தங்கம், கீழே கந்தகம்

ஆரம்பத்தில் அங்கே தங்கம் கிடைத்தது. அது பொய்யில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

மேல்மட்டத்தில் அந்த வெள்ளைக் கல் துருப்பிடித்து, தேன்கூடுபோலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். அதை இடித்துப் பொடியாக்கி, பெண்கள் நாங்கள் மரவையில் போட்டு ஓடைத் தண்ணீரில் அலசுவோம். மரவை என்றால் அகன்ற மரத்தட்டு. மணல் எல்லாம் வழிந்துபோக, அடியில் கடைசியாக மஞ்சளாக ஒரு கோடு நிற்கும். மீன்வால்போல இருக்கும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழி ஆழப்பட ஆழப்பட அந்தக் கோடு மெலிந்துகொண்டே வந்தது. துருப்பிடித்த கல் போய், பித்தளைபோலப் பளபளக்கும் கல் வந்தது. பார்க்க அதுதான் தங்கம் மாதிரி இருக்கும். அடித்தால் கந்தக வாடை வரும்.

"மேலே இருந்தது மழை சமைத்து வைத்த சோறு," என்று வரதன் ஒருநாள் எங்களிடம் சொன்னார். "எத்தனையோ காலமாக மழை இந்தக் கல்லைக் கரைத்துக் கழுவி, தங்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கு. அதைத்தான் நாம் சாப்பிட்டோம். கீழே இருப்பது கழுவாத கல். நரம்பும் ஒடுங்கிக்கொண்டே போகுது. குள்ளன் குழிக்காரர்களும் இதே இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள்."

அந்தப் பித்தளைக் கல்லில் இன்னொரு கேடும் இருந்தது. காற்றும் தண்ணீரும் பட்டால் அது அழுகும். கல் அழுகுமா என்று கேட்காதீர்கள், அழுகும். அதில் ஊறிய தண்ணீர் செங்கல் நிறத்தில் வரும். நாக்கில் பட்டால் புளிக்கும். கையில் புண் இருந்தால் எரியும்.

எண்ணெய் எஞ்சின் வைத்து அந்தத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். அது சரிவில் ஓடி மாடசாமியின் நாற்றங்காலில் பாய்ந்தது.

"இதத் தின்னு பாரு"

பரம்புக்குத் தெற்கே, சரிவு முடிகிற இடத்தில் மாடசாமியின் வயல். பெரிய பண்ணையெல்லாம் இல்லை. அவரும் மனைவி பேச்சியம்மாளும் இறங்கி வேலை செய்கிற நிலம். ஒருநாள் அவர் ஒரு பிடி நாற்றைக் கொண்டுவந்து, நாங்கள் கல் பொறுக்குகிற பலகையின் மேல் போட்டார். வேரெல்லாம் வெந்ததுபோலச் சிவந்து நைந்திருந்தது.

"இதத் தின்னு பாரு. ஒம் புருசனுக்கும் குடு," என்றார் என்னிடம்.

சாமுவேல் ஓடிவந்தார். "நாங்க கூலிக்காரங்க அண்ணாச்சி. மொதலாளிட்டல்லா கேக்கணும்."

"ஏலே, தண்ணிய எறைக்கது மொதலாளியா? நீங்கதாம்லே எறைக்கிய."

சேதி முதலாளிக்குப் போயிற்று. முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி, பரம்பிலேயே பெரிய தொட்டி ஒன்று வெட்டித் தண்ணீரை அதில் தேக்க ஏற்பாடு செய்தார். அதன்பிறகு சிவப்புத் தண்ணீர் வயலுக்குப் போகவில்லை. மாடசாமி மறுபடி நாற்றுப் பாவி நட்டார். ஆனால் பேச்சு நின்றது நின்றதுதான்.

இன்னும் கொஞ்சம்

ஐப்பசி மழைக்கு முன்னால் வரதன் எல்லோரையும் கொட்டகை வாசலில் கூட்டிச் சொன்னார். "நரம்பு செத்துப்போச்சு. மூடிவிடுவதுதான் நல்லது."

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "வத்து, வத்து," என்றார். தெலுங்கில் வேண்டாம் என்பதற்கு அப்படித்தான் சொல்லுவார்கள். "மூடிருவோம்பா."

சாமுவேல் முன்னால் வந்தார். "மொதலாளி, குள்ளன் குழிக்கும் நம்ம சொரங்கத்துக்கும் நடுவுல ஒரு செவுரு நிக்கி. அதுல நல்ல கல்லு இருக்கு. எஞ்சினியர் ஐயாவுக்கும் தெரியும்."

"தெரியும்," என்றார் வரதன். "தெரிந்துதான் தொடாதே என்கிறேன். அந்தச் சுவருக்குப் பின்னால் எவ்வளவு மழைத் தண்ணீர் நிற்கிறதோ, யார் கண்டது?"

"தொளை போட்டுப் பாத்துப் பாத்துப் போவோம்யா. கசிஞ்சா அந்தாக்குல நிறுத்திருவோம். இப்ப மூடிட்டா நாங்க எங்க போறது? தங்கவயல்லயும் ஆளக் கொறைக்காங்க."

வேலைக்காரர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளூர் முத்தையா முதலாளியின் காலில் விழுந்தான். அவன் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கூலியில்தான். இளகின மனசு என்று சொன்னேனே, முதலாளி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னுங் கொஞ்சம் பாருங்க," என்றார்.

மறுநாளே வரதன் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். கணக்கு வழக்கெல்லாம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட மார்கழி ஆயிற்று.

அந்த மாதங்களில் என் மரவையில் மறுபடி மஞ்சள் கோடு நின்றது. துளைபோட்ட இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. பழங்குழியின் அடியில் சேறு இறுகி, அடைப்புப்போல நின்று எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு சாமுவேல் எனக்கு ஊதாப்பூப் போட்ட சேலை எடுத்துக்கொடுத்தார். தங்கவயலிலிருந்து அவரோடு வந்த ஞானமுத்து எங்கள் கொட்டகையில்தான் சாப்பிட்டார். மனைவியை இழந்த மனிதர். பாட்டுப் புத்தகம் பார்க்காமல் எல்லாக் கீர்த்தனையும் பாடுவார்.

பண்டிகை கழிந்த சில நாளில் சுவர் உடைந்தது.

மேலே எங்களுக்குப் பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. குழிக்குள்ளிருந்து ஒரு குளிர்ந்த காற்று குப்பென்று வந்தது. பழைய கிணற்றைத் தூர்வாரும்போது வருமே, அந்த வாடை. வாசலுக்கு அருகில் இருந்தவர்கள் ஏணியில் ஏறித் தப்பினார்கள். சாமுவேல், ஞானமுத்து, முத்தையா மூவரும் உள்கோடியில் இருந்தார்கள். இறைக்கும் எஞ்சின் குழாய் சேற்றில் அடைத்து நின்றுவிட்டது.

வரதனின் பெட்டிகள் அன்று வண்டியில் ஏறியிருந்தன. அவர் வண்டியை அவிழ்க்கச் சொன்னார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில், நான் அந்த இரும்புக் குழாயில் காதை வைத்தேன். டொக், டொக் என்று கேட்டது. செத்த நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. வரதனைக் கூப்பிட்டேன். அவரும் காதை வைத்தார்.

"ஆள் இருக்கு," என்றார்.

அந்த வார்த்தைதான் ஊருக்குள் போயிற்று. மறுநாள் காலை கமலை மாடுகள் மேடேறி வந்தன.

வரப்பு

வெட்டியெறிந்த கல்மேடு குழியின் பக்கத்திலேயே சரிவாகக் கிடந்தது. அதையே மாடு இறங்கும் பாதையாக ஆக்கினார்கள். உருளையைக் கட்டி, தோல் சாலை உள்ளே இறக்கி, மாடுகளை ஓட்டினார்கள். சால் சாலாகச் சிவப்புத் தண்ணீர் வந்தது. கமலை இறைக்கும்போது பாடுவார்களே, அன்று ஒருவரும் பாடவில்லை. மாட்டை அதட்டும் சத்தமும் உருளை கிறீச்சிடும் சத்தமும்தான்.

உச்சிப்பொழுதுக்குள் தொட்டி நிரம்பிவிட்டது. இனி ஊற்றுகிற தண்ணீர் திரும்பவும் குழிக்குள்ளேயே வடியும். மூன்று பக்கமும் பாறை. தெற்கே மட்டும் சரிவு, சரிவின் கீழே மாடசாமியின் வரப்பு. அதை வெட்டினால்தான் தண்ணீருக்குப் போக்கிடம், அதுவும் அவர் வயலுக்குள். பயிர் கதிர் தள்ளிப் பால் பிடித்திருந்தது. பொங்கல் கழிந்தால் அறுப்பு.

மாடுகள் நின்றன. முதலாளி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சொல்லவேண்டியது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதை மாடசாமியிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவரே வரதனிடம் கேட்டார். "இந்தத் தண்ணி என் வயல்ல பாஞ்சா என்னாகும்?"

"இந்தப் பயிர் தேறாது."

"பொறவு?"

வரதன் திரும்பினார். குழாயில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"பிறகு... சுண்ணாம்பு போட்டுப் பார்க்கலாம்," என்றார்.

எதையும் ஒளிக்காமல் சொல்லுகிற மனிதர் அன்று அந்த அளவில் நிறுத்திக்கொண்டார்.

மாடசாமி துண்டை உதறித் தலையில் கட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். மற்றவர்கள் கூடப் போகப் பார்த்தபோது, "யாரும் வராதிய, நானே வெட்டிக்கிடுதேன்," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

மேலேயிருந்து பார்த்தேன். வரப்பு உடைந்ததும் தண்ணீர் வேகமாகப் போகவில்லை. தாள்களின் இடுக்கில் மெதுமெதுவாக நுழைந்து, பச்சைக்கு நடுவே சிவப்பாகப் பரவிக்கொண்டே போயிற்று.

பேச்சியம்மாள் கஞ்சிக் கலயத்தோடு அப்போதுதான் வந்தார். "பால் புடிச்ச பயிராச்சேய்யா!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த ஒரு சத்தம்தான். பிறகு மேடேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"குடி. அழவும் தெம்பு வேணும்லா."

தோல் சாலில்

இரவெல்லாம் மாடு மாற்றி மாற்றி இறைத்தார்கள். மறுநாள் சாயந்தரம் குழியின் அடியில் பக்கவாட்டுச் சுரங்கத்தின் வாய் தெரிந்தது. ஆட்கள் இடுப்பளவு சேற்றில் உள்ளே போனார்கள்.

உள்கோடியில், நரம்பைத் தொடர்ந்து மேல்நோக்கி வெட்டியிருந்த ஒரு பொந்தில் காற்று அடைபட்டு நின்றிருக்கிறது. சாமுவேல் அதில் சாரப்பலகையின் மேல் மடங்கிக் கிடந்தார்; ஓரமாகப் போன குழாயைத் தட்டியது அவர்தான். முட்டுமரம் கொடுக்க மேலே ஏறியிருந்தவர் அவர் ஒருவர்தான். முத்தையாவைத் தண்ணீர் முதலிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டது. ஞானமுத்து கீழேயிருந்து கையை நீட்டினாராம். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் கிடந்திருக்கிறார். ஞானமுத்து கொஞ்ச நேரம் ஜெபம் சொன்னாராம். ஜெபம் எப்போது நின்றது, தான் எப்போது கையை விட்டோம் என்பது கடைசிவரை என் கணவருக்குத் தெரியவில்லை.

ஏணி உடைந்து கிடந்ததால் அவரைத் தோல் சாலில் உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். மேலே மாடு ஓட்டிக்கொண்டிருந்தது மாடசாமி. கீழேயிருந்து, "மெள்ள, மெள்ள, ஆளு வருது!" என்று கத்தினார்கள். அவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக நடத்தினார். சால் மேலே வந்தபோது அதற்குள் சேறு பூசிய ஒரு உருவம் இருந்தது. கண்ணைத் திறந்ததும்தான் என் கணவர் என்று தெரிந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

மற்ற இருவரையும் அதே சாலில்தான் எடுத்தார்கள்.

ஞானமுத்துவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முத்தையாவை அவன் ஊரிலேயே எரித்தார்கள். அவன் மனைவி சாமுவேலைப் பார்த்து, "நீரு கேட்டீரு, அவுக விழுந்து கும்பிட்டாக," என்று மட்டும் சொன்னாள்.

பரம்பு மூடப்பட்டது. தகரத்தை ஒருவர், மரத்தை ஒருவர் என்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆடு விழாமலிருக்கக் குழி வாயில் முள்ளைப் போட்டார்கள். முதலாளியின் பஞ்சு ஆலை கைமாறிப்போயிற்று. ராஜபாளையத்துக் கடைவீதியில் எங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். யுத்த காலத்தில் யாரோ அதிகாரிகள் வந்து கல்லை உடைத்துப் பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி. அதன்பிறகு யாரும் வரவில்லை.

பஞ்சு

அடுத்த பருவத்தில் மாடசாமி விதைத்தார். முளை வந்து சிவந்து கருகியது. சுண்ணாம்பு போட்டார். ஆட்டுக்கிடை வைத்தார். கண்மாய்க் கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அடித்தார். வெயிலில் காய்ந்தால் தரையின் மேல் மஞ்சளாக ஒரு ஆடை படியும், அதன்மேல் கோரைகூட முளைக்காது. சில வருஷம் பார்த்துவிட்டு மாட்டை விற்றார். புருஷனும் பெண்சாதியும் ராஜபாளையத்துக்கு வந்தார்கள். புதிதாக எழும்பிய நூற்பாலை ஒன்றில், பஞ்சுப் பொதியை உடைத்துப் போடும் இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

அதே ஆலையில் நான் நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் வேலையில் இருந்தேன். சாமுவேலால் எந்த வேலைக்கும் போக முடியவில்லை. வெள்ளைக் கல்லின் தூள் நெஞ்சில் படிந்துவிட்டது என்றும், அதற்கு மருந்து இல்லை என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆலை வாசலில் மாடசாமியைப் பார்த்தேன் என்று நான் சொன்ன அன்றிலிருந்து, சாமுவேல் வீட்டுக்கு வெளியே வந்து உட்காருவதை நிறுத்திவிட்டார். அந்த வழியாகத்தான் மாடசாமி வேலைக்குப் போவார். "அவிய மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்பார். பல வருஷம் அப்படியே போயிற்று. கடைசிக் காலத்தில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் அவரே சொன்னார். "அவியள ஒருதரம் வரச்சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடசாமி வந்தார். முடி நரைத்திருந்தது. புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்ததால் இன்னும் நரைத்தவர்போலத் தெரிந்தார். அவருக்கும் இருமல் இருந்தது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினார்கள். அரிசி கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு சாமுவேல் கேட்டார். "அண்ணாச்சி, அன்னைக்கு ஏன் வெட்டினிய?"

மாடசாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்த வெள்ளாமதான் போவும்னு நெனச்சேன். மறுவருசம் வெளைஞ்சிரும்னுதான் வெட்டுனேன்."

"நெலமே செத்துப்போவும்னு தெரிஞ்சிருந்தா?"

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு யாராக இருந்தாலும், உயிரைவிட நிலமா பெரிது என்று சொல்லியிருப்பார்கள். மாடசாமி அப்படிச் சொல்லவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"தெரியாம இருந்தது நல்லதாப் போச்சு, சாமுவேலு," என்றார்.

என் கணவர் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். குழியிலிருந்து வந்தபிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. மாடசாமி எழுந்து போய் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடியே இருந்தார்கள்.